ஆட்டுக் குண்டிக்காயில் தொடங்கி சிறுநீர் வரை: சிறுநீரகத்தின் வேலையை வரிசையாகப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

வேலூர் சத்துவாச்சாரியில் மாலை நேரத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கும் நர்சிங் முதலாண்டு படிப்பவர்களுக்கும் விலங்கியல் சொல்லித் தருகிறேன். கழிவுநீக்கப் பாடம் வந்தால் எல்லோரும் முதலில் செய்வது நெஃப்ரான் (சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகு) படத்தை நாலைந்து தடவை வரைந்து பார்ப்பதுதான். படம் அச்சடித்த மாதிரி வந்துவிடும். "சரி, இரத்தத்தில் இருக்கிற சர்க்கரை இந்த வடிகட்டியில் நிற்குமா, கீழே போகுமா?" என்று கேட்டால் பாதிப் பேர் "நிற்கும் சார்" என்பார்கள். அங்கே தப்பினால் பின்னால் வருகிற ஒன்றும் புரியாது, மனப்பாடம்தான் மிஞ்சும்.

சிறுநீரகம் கழிவைத் தேடிப் பிடித்து வெளியே போடுகிற உறுப்பு அல்ல. சிறியதாக இருக்கிற எல்லாவற்றையும் முதலில் வெளியே கொட்டிவிட்டு, வேண்டியதைத் திரும்ப அள்ளிக்கொள்கிற உறுப்பு. கீழே உள்ள படிகள் இதைக் கையால் தொட்டு, நாக்கால் சுவைத்துப் புரிந்துகொள்வதற்கானவை. வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக, ஹார்மோன்களை முதலில் படிக்காதீர்கள். ஏன் என்பது 8-ஆம் படியில் தெரியும்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஆட்டுச் சிறுநீரகம் இரண்டு. புதிய பிளேடு அல்லது கூர்மையான கத்தி. ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சு ஒன்று. கேசரிப் பவுடர் கலந்த தண்ணீர் அரை டம்ளர். கையுறை, பழைய செய்தித்தாள், ஒரு தட்டு.

சமையலறையிலிருந்து டீ வடிகட்டி, ஒரு பிடி பச்சைப் பயறு, சர்க்கரை, ஒரு பச்சை மாங்காய், கல் உப்பு. இவற்றைத் தனித் தட்டில் வையுங்கள். சுவைத்துப் பார்க்கிற பொருளும் பச்சை இறைச்சியும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது.

சைவ வீட்டுப் பிள்ளைகள் 2, 3, 4-ஆம் படிகளை யாராவது செய்யும்போது தள்ளி நின்று பார்த்தாலே போதும். தொட்டால்தான் புரியும் என்று நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. 5-ஆம் படியிலிருந்து எல்லோருக்கும் பொது.

மாங்காயை மட்டும் இப்போதே நறுக்கி, பாதித் துண்டுகளில் கல் உப்பைப் பிசறி ஒரு கிண்ணத்திலும், மீதியை உப்பில்லாமல் இன்னொரு கிண்ணத்திலும் மூடி வைத்துவிடுங்கள். அது ஊற நேரம் எடுக்கும். எங்கள் வகுப்பில் இதை மறந்துவிட்டு, 7-ஆம் படியில் வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்காத வருஷம் இல்லை.

2. கடையில் கேட்டு வாங்குவது

கறிக்கடையில் "கிட்னி" என்றாலும் புரியும், "குண்டிக்காய்" என்றால் உடனே புரியும். ஆனால் சும்மா கேட்டால் கொழுப்பை உரித்து, குழாய்களை ஒட்ட வெட்டி, சில நேரம் இரண்டாகப் பிளந்தே தருவார்கள். சமையலுக்கு அதுதான் வசதி. நமக்கு வேண்டியதெல்லாம் அந்தக் குழாய்களில்தான் இருக்கிறது.

நான் கேட்பது இப்படி: "பாய், குண்டிக்காய் ரெண்டு. கொழுப்போட குடுங்க. உள்பக்கம் தொங்குற குழாயை வெட்டாதீங்க, நீளமா விடுங்க." முதல் தடவை அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இப்போது நான் போனாலே, "பசங்களுக்கா சார்?" என்று கேட்டு எடுத்து வைத்துவிடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள். கூட்டத்தில் அவருக்கு இதற்கெல்லாம் பொறுமை இருக்காது. வார நாளில், ஆடு உரிக்கிற நேரமாகப் போனால் இளஞ்சூட்டோடு கிடைக்கும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தது வேண்டாம்; உறைந்து இளகியதும் திசு குழைந்துவிடும், அறுத்தால் உள்ளே நிறப் பிரிவு தெளிவாகத் தெரியாது.

3. அறுப்பதற்கு முன் வெளியே பார்ப்பது

அவசரப்பட்டு அறுக்கிறவர்கள்தான் அதிகம். அறுத்துவிட்டால் எந்தக் குழாய் எங்கே போனது என்று பிறகு ஒட்டவைத்துப் பார்க்க முடியாது.

முதலில் கொழுப்பைக் கையாலேயே பிய்த்தெடுங்கள். உயிரோடு இருந்தபோது அந்தக் கொழுப்புதான் மெத்தை. அதற்கடியில் பளபளவென்று மெல்லிய உறை இருக்கும். நகத்தால் கிள்ளி இழுத்தால் வெங்காயச் சருகு போல உரிந்துவரும்.

இப்போது குழிந்த பக்கத்தைப் பாருங்கள். உள்ளே போகிறவை, வெளியே வருகிறவை எல்லாம் அந்த ஒரே பள்ளத்தின் வழியாகத்தான். மூன்று குழாய்களைத் தேடுங்கள். சுவர் தடித்து, நசுக்கினாலும் வட்டமாக மீள்வது தமனி. சுவர் மெலிந்து, ஈரத்துணி போலத் தொய்ந்து கிடப்பது சிரை. வெளுத்து, உறுதியாக, கீழ்நோக்கித் தொங்குவது சிறுநீர் நாளம்.

சிறுநீர் நாளத்தையும் சிறுநீர்ப் புறவழியையும் குழப்பாத வகுப்பை நான் பார்த்ததில்லை. நாளம் இரண்டு, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போவது. புறவழி ஒன்று, பையிலிருந்து உடலுக்கு வெளியே போவது. கையில் இருக்கிற குழாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்தால் அப்புறம் மறக்காது.

நாளத்தின் வாயில் சிரிஞ்சு முனையை வைத்து, விரலால் இறுக்கிப் பிடித்து, கேசரித் தண்ணீரை மெதுவாக ஏற்றுங்கள். நடுப்பகுதி கொஞ்சம் உப்பும். நிஜத்தில் ஓட்டம் இதற்கு நேர் எதிர்த் திசையில். அதை நோட்டில் எழுதி வையுங்கள்; எழுதாதவர்கள் பரீட்சையில் அம்புக்குறியைத் திருப்பிப் போடுகிறார்கள்.

4. அறுப்பதும், படத்தோடு ஒத்துப் பார்ப்பதும்

தட்டில் படுக்கவைத்து, வெளி வளைவிலிருந்து குழிந்த பக்கம் நோக்கி, புத்தகம் திறப்பது போல ஒரே இழுப்பில் அறுங்கள். ரம்பம் போல முன்னும் பின்னும் இழுத்தால் பிசிறடித்து, அடுக்குகள் கலங்கிவிடும். கடைசியில் ஒரு ஓரம் ஒட்டியே இருக்கட்டும்.

வெளியோரமாகக் கருஞ்சிவப்பில், பொடிப்பொடியாகத் தெரிவது புறணி. உள்ளே வெளிறி, கோடுகோடாகத் தெரிவது அகணி. நடுவில் வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருப்பது பெல்விஸ். நீங்கள் ஏற்றிய கேசரி நிறம் அங்கேதான் தேங்கியிருக்கும்.

புறணி ஏன் பொடிப்பொடி, அகணி ஏன் கோடு? வடிகட்டும் முடிச்சுகளெல்லாம் புறணியில் உருண்டைகளாக இருக்கின்றன. அகணியில் இருப்பது மேலும் கீழுமாக ஓடும் நேர்க் குழல்கள். நெஃப்ரான் படத்தில் எது உருண்டை, எது நேர்க்கோடு என்று பாருங்கள். இந்தத் தட்டில் தெரிவதும் அதுவேதான்.

இங்கே ஒரு சிக்கல் வரும். பாடப்புத்தகப் படத்தில் அகணி எட்டுப் பத்துக் கூம்புகளாகப் பிரிந்து விசிறி போல இருக்கும். ஆட்டில் தேடினால் கிடைக்காது. மனிதச் சிறுநீரகத்தில் கூம்புகள் தனித்தனி. ஆட்டிலும் செம்மறியிலும் அவை ஒன்றாகச் சேர்ந்து ஒரே முகடாக இருக்கும். "சார், இது கெட்டுப்போன கிட்னியா?" என்று ஒரு பெண் கேட்டாள். கெடவில்லை, அமைப்பே அப்படித்தான். மாட்டின் சிறுநீரகமோ வெளியிலேயே திராட்சைக் கொத்து மாதிரி பிரிந்திருக்கும். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்திருப்பார்கள். மூன்றிலும் வேலை ஒன்றே.

5. பெயர்களுக்கு முன் கணக்கு

கையைக் கழுவிவிட்டு நோட்டை எடுங்கள். நெஃப்ரானின் பாகங்களுக்குப் போவதற்கு முன் இந்த எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். எண்களின் அளவு தெரியாவிட்டால், சிறுநீரகம் ஏன் இவ்வளவு சுற்றி வளைத்து வேலை செய்கிறது என்று விளங்காது.

மனிதனின் ஒரு சிறுநீரகம் சுமார் 150 கிராம். இரண்டும் சேர்ந்தால் 300 கிராம். உடல் எடையில் அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் இதயம் நிமிடத்துக்குத் தள்ளும் 5 லிட்டர் இரத்தத்தில் சுமார் 1,200 மி.லி. இந்த இரண்டுக்கும் போகிறது. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் 1,700 லிட்டருக்கும் மேல். மொட்டைமாடியில் நிற்கிற ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றே முக்கால்.

அதில் பாதிக்குச் சற்று மேல் பிளாஸ்மா, அதாவது செல்கள் நீங்கலான இரத்த நீர். வடிகட்டிக்கு வருகிற பிளாஸ்மாவில் ஐந்தில் ஒரு பங்குதான் வடிகிறது. நிமிடத்துக்கு சுமார் 125 மி.லி., நாளுக்கு 180 லிட்டர்.

180 லிட்டர் என்றால் எவ்வளவு? வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்பது. வகுப்பில் இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "இன்னா சார், அவ்ளோவும் பாத்ரூம் போனா ஆள் இன்னாத்துக்கு ஆவான்?" என்றான். அவன் கேட்டதுதான் இந்தப் பாடத்தின் மையக் கேள்வி. நாம் கழிப்பது ஒன்று, ஒன்றரை லிட்டர். உடம்பில் மொத்தமாக இருக்கிற பிளாஸ்மாவே 3 லிட்டர்தான். ஆக, அதே 3 லிட்டர்தான் நாளுக்கு 60 தடவை வடிந்து, 60 தடவை திரும்பப் போகிறது.

இங்கே இரண்டு தப்புகள் நடக்கும். ஒன்று, வருகிற இரத்தம் முழுக்க வடிகிறது என்று நினைப்பது. ஐந்தில் நான்கு பங்கு பிளாஸ்மாவும், எல்லாச் செல்களும் வடியாமல் நேரே கடந்து போகின்றன. இரண்டு, வடிந்த நீரையே சிறுநீர் என்று எழுதுவது. அது வடிதிரவம். சிறுநீர் ஆவதற்கு இன்னும் நீண்ட பாதை இருக்கிறது.

6. டீ வடிகட்டியும் அழுத்தமும்: முதல் வேலை

சர்க்கரைத் தண்ணீரில் பச்சைப் பயறைப் போட்டுக் கலக்கி, டீ வடிகட்டியில் ஊற்றுங்கள். பயறு மேலே நிற்கும். கீழே விழுந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். இனிக்கும்.

பயறுதான் இரத்தச் செல்களும் அல்புமின் போன்ற பெரிய புரதங்களும். சர்க்கரை கீழே போய்விட்டது. அதோடு உப்பும், அமினோ அமிலமும், யூரியாவும், தண்ணீரும். வடிகட்டிக்கு நல்லது கெட்டது தெரியாது. சிறியது பெரியது மட்டும்தான் தெரியும். இந்த இனிப்பை நாக்கு ஞாபகம் வைத்திருக்கட்டும், அடுத்த படிக்கு அது வேண்டும்.

இப்போது பெயர்கள். புறணியில் இருக்கிற அந்த முடிச்சு குளோமருலஸ், தந்துகிகள் எனப்படும் மயிரிழை இரத்தக் குழாய்களின் பந்து. அதைத் தாங்கி நிற்கும் இரட்டைச் சுவர்க் கிண்ணம் பௌமானின் கிண்ணம். ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள். வடிகட்டி மூன்று அடுக்கு: துளைகள் கொண்ட தந்துகிச் சுவர், அதற்கடியில் அடிச்சவ்வு, அதைக் கட்டிப்பிடித்திருக்கும் பாதச் செல்களின் இடுக்குகள். டீ வடிகட்டியிலிருந்து ஒரு வித்தியாசம் உண்டு. இந்தச் சவ்வில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. அல்புமினிலும் அதே மின்னூட்டம். அதனால் அளவுக்காக மட்டுமல்ல, மின்னூட்டத்துக்காகவும் அது தள்ளி நிறுத்தப்படுகிறது. சிறுநீரில் புரதம் தெரிந்தால் டாக்டர்கள் வடிகட்டியைச் சந்தேகிப்பது இதனால்தான்.

வடிவதற்குத் தள்ளுவது எது? சிறுநீரகம் இங்கே தன் ஆற்றலைச் செலவழிப்பதில்லை, தள்ளுவது இதயம். முடிச்சுக்குள் இரத்தம் கொண்டுவரும் உட்செல் நுண்தமனி அகலம், வெளியே கொண்டுபோகும் வெளிச்செல் நுண்தமனி குறுகல். ஹோஸ் பைப்பில் தண்ணீர் விடும்போது நுனியை விரலால் பாதி அடைத்தால் பின்னால் அழுத்தம் ஏறுமே, அதே வேலை. உடம்பில் மற்ற இடங்களில் தந்துகிக்குப் பின் சிரை வரும். இங்கே மட்டும் தந்துகிக்குப் பின் மறுபடியும் தமனி வருவதன் காரணம் இதுதான்.

கணக்கை ஒரு வரியில் போடலாம். தள்ளும் அழுத்தம் 55 மி.மீ. பாதரசம். எதிர்ப்பு இரண்டு: இரத்தப் புரதம் நீரைத் தன்பக்கம் இழுப்பது 30, கிண்ணத்தில் ஏற்கெனவே இருக்கிற திரவம் தள்ளுவது 15. மிச்சம் 10. பலர் 30-ஐயும் 15-ஐயும் கூட்டாமல் ஏதாவது ஒன்றை மட்டும் கழித்துவிடுகிறார்கள். வெறும் 10 மி.மீ. அழுத்தத்தில்தான் ஒன்பது கேன் வடிகிறது. அதிக இரத்தப்போக்கில் இரத்த அழுத்தம் சரிந்தால் சிறுநீர் நின்றுபோவது ஏன் என்று இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

7. திரும்ப அள்ளுவது: ஒன்பது கேனிலிருந்து ஒரு பாட்டிலுக்கு

டீ வடிகட்டித் தண்ணீர் இனித்தது. சிறுநீரில் சர்க்கரை இருப்பதில்லை. நடுவில் யாரோ எடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளை இந்த இடத்தில் ஒரு நிமிடம் சும்மா விட்டால் மீள உறிஞ்சலைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நோட்டில் ஒன்பது கேன் வரைந்து, ஒவ்வோர் இடத்திலும் அடித்துக்கொண்டே போங்கள்.

கிண்ணத்தை அடுத்து வரும் அண்மைச் சுருள் குழலில் ஆறு கேன் திரும்பிவிடும். மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், அதே அளவு சோடியம், கிட்டத்தட்ட எல்லா குளுக்கோஸும் அமினோ அமிலமும் இங்கேயே. இந்தக் குழலின் உட்புறம் துண்டு மாதிரி நுண்விரல்கள் நிறைந்தது. செல்களில் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா ஏராளம். சோடியத்தை ஆற்றல் செலவழித்து இறைக்கிறது. தண்ணீர் தானாகப் பின்னால் போகிறது. வெளியே காத்திருக்கும் இரத்தம், வடிகட்டியில் நீரை இழந்து புரதம் செறிந்து வந்தது. அதனால் அது நீரை ஆவலோடு வாங்கிக்கொள்கிறது. முன்படியில் பிரிந்ததுதான் இங்கே சேர்வதற்கும் காரணம்.

குளுக்கோஸுக்கு ஒரு வரம்பு உண்டு. 100 மி.லி. இரத்தத்தில் சுமார் 180 மி.கிராமைத் தாண்டினால் அள்ளும் ஆட்கள் போதாமல், மிச்சம் சிறுநீரில் ஒழுகும். கூடவே தண்ணீரையும் இழுத்துப் போகும். சர்க்கரை நோயாளிக்கு அடிக்கடி சிறுநீர் வருவது அதனால்தான். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் இந்த ஆட்களில் பெரும்பாலோரை வேண்டுமென்றே நிறுத்திவைத்து, சர்க்கரையைச் சிறுநீரில் விடுகின்றன. அப்புறம், 180 என்ற எண் இந்தப் பாடத்தில் மூன்று இடத்தில் வரும்: நாளுக்கு வடியும் 180 லிட்டர், அதில் இறங்கும் குளுக்கோஸ் சுமார் 180 கிராம், வரம்பு 180 மி.கிராம். அலகு போடாமல் எழுதினால் நிச்சயம் மாறிப்போகும்.

அடுத்து ஹென்லே வளைவு, அகணிக்குள் இறங்கி மறுபடி ஏறும் கொண்டை ஊசி போன்ற குழல். இப்போது மாங்காய்க் கிண்ணங்களைத் திறங்கள். உப்புப் போட்டது நீர் விட்டிருக்கும்; போடாதது அப்படியே இருக்கும். உப்பு எங்கே செறிந்திருக்கிறதோ அங்கே தண்ணீர் போகும். ஊறுகாய் போடுகிற வீட்டில் இதற்கு மேல் சவ்வூடு பரவலை விளக்க வேண்டியதில்லை.

இறங்கு குழல் தண்ணீரை விடும், உப்பைப் பெரும்பாலும் விடாது. ஏறு குழல் உப்பை இறைத்து வெளியே போடும், தண்ணீரை விடாது. படிக்கும்போது ஏறு குழலில் தொடங்குங்கள், புத்தகம் இறங்கு குழலை முதலில் சொன்னாலும்கூட. ஏறு குழல் உப்பைக் கொட்டுவதால்தான் அகணி உப்புக் காடாக இருக்கிறது; அந்த உப்புதான் இறங்கு குழலிலிருந்து நீரை இழுக்கிறது. காரணத்தை முதலில் பார்த்தால் விளைவு தானாக வரும்.

எண்கள்: இரத்தத்தின் செறிவு சுமார் 300 மில்லிஆஸ்மோல் (கரைந்திருக்கும் பொருள்களின் அளவைச் சொல்லும் அலகு). வளைவின் ஆழத்தில் 1,200 வரை போகும். ஏறு குழலைத் தாண்டி வெளிவரும்போது சுமார் 100. மறுபடியும் பாருங்கள், 100. இரத்தத்தைவிட நீர்த்தது. "ஹென்லே வளைவு சிறுநீரைச் செறிவாக்குகிறது" என்று எழுதுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். வளைவு செறிவாக்குவது சிறுநீரை அல்ல, சுற்றியிருக்கும் அகணியை. அந்தச் செறிவைப் பயன்படுத்திக்கொள்வது வேறொரு குழல். அது அடுத்த படியில்.

கால் வீக்கத்துக்குப் பாட்டிக்குக் கொடுக்கிற நீர் மாத்திரை, ஃப்ரூஸமைடு, இந்த ஏறு குழலின் உப்பு இறைப்பைத்தான் நிறுத்துகிறது. இறைப்பு நின்றால் அகணியில் உப்பு குறையும். இழுக்க ஆளில்லாமல் நீர் சிறுநீராகவே போய்விடும். நர்சிங் பிள்ளைகளுக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

வளைவு முடியும்போது கேன் கணக்கில் இரண்டுக்கும் சற்றுக் குறைவாக மிச்சம்.

8. கடைசி முடிவு: வேலூர் வெயிலும் ஏடிஎச்சும்

சேய்மைச் சுருள் குழலை வேகமாகக் கடந்துவிடலாம். ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சொன்னால் அதன் கடைப்பகுதியில் சோடியம் உள்ளே, பொட்டாசியம் வெளியே. அவ்வளவு தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

நிற்க வேண்டிய இடம் சேகரிப்பு நாளம். இது அந்த உப்புக் காட்டின் நடுவே மேலிருந்து கீழாக இறங்குகிறது. இதன் சுவரில் தண்ணீருக்குக் கதவுகள் உண்டு. ஏடிஎச் (சிறுநீர்ப் பெருக்கைக் குறைக்கும் ஹார்மோன்) வந்தால் கதவு திறக்கும். வராவிட்டால் மூடியே இருக்கும். திறந்தால் தண்ணீர் உப்பை நோக்கி ஓடி, சிறுநீர் செறியும்.

ஏடிஎச்சை முதலில் படிக்காதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். ஏடிஎச் தண்ணீரை இழுப்பதில்லை, கதவைத் திறப்பதோடு சரி. இழுப்பது முன்படியில் ஏறு குழல் கொட்டிவைத்த உப்பு. உப்பைப் படிக்காமல் ஏடிஎச்சைப் படித்தவர்கள், "ஏடிஎச் நீரை உறிஞ்சும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, எப்படி என்று கேட்டால் விழிப்பார்கள்.

கத்திரி வெயில் காலத்தில், நாற்பது டிகிரி அடிக்கிற மதியத்தில், காட்பாடி ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிறீர்கள் என்று வையுங்கள். வியர்வையாகத் தண்ணீர் போய், இரத்தம் சற்றுச் செறிகிறது. மூளையின் ஹைபோதலாமஸ் அதை உணர்ந்து தாகத்தைத் தூண்டுகிறது. பிட்யூட்டரியின் பின்பகுதி ஏடிஎச்சை விடுகிறது. கதவுகள் திறக்கின்றன. சாயங்காலம் போகிற சிறுநீர் கொஞ்சம்தான், கடுகெண்ணெய் நிறத்தில். அதே ஆள் மார்கழிக் காலையில் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் கதவுகள் மூடி, தண்ணீர் நிறத்திலேயே வந்துவிடும். மஞ்சள் நிறப்பொருள் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே அளவுதான். கரைந்திருக்கிற தண்ணீர்தான் மாறுகிறது.

எவ்வளவு தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தாலும் நாளுக்குச் சுமார் அரை லிட்டர் போயே தீரும். யூரியாவையும் உப்பையும் கரைத்து அனுப்ப அவ்வளவாவது வேண்டும்; 1,200-க்கு மேல் நம் சிறுநீரகத்தால் செறிவாக்க முடியாது. வெயிலில் வேலை செய்கிறவர்கள் தண்ணீர் குடிக்காமல் இழுத்தடித்தால் அந்தக் கொஞ்ச நீரில் கால்சியமும் ஆக்சலேட்டும் செறிந்து கல் கட்ட இடம் கொடுக்கும். எங்கள் பக்கத்தில் கல்லடைப்புக்கு வாழைத்தண்டுச் சாறு சொல்லாத வீடு குறைவு. சாறோ தண்ணீரோ, நீராகக் குடிப்பதில் நீர்த்துப்போகும் என்ற வரையில் பேசலாம்.

9. மூன்றாவது வேலையை மறக்காதீர்கள்

வடிகட்டல், மீள உறிஞ்சல் இரண்டும் எழுதிவிட்டுச் சுரத்தலை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஐந்தில் நான்கு பங்கு பிளாஸ்மா வடியாமல் போனதே, அதில் இருக்கும் சிலவற்றைக் குழல் சுவர் நேரே இழுத்து உள்ளே தள்ளுகிறது. ஹைட்ரஜன் அயனி, பொட்டாசியம், பென்சிலின் போன்ற மருந்துகள் இப்படிப் போகின்றன. பென்சிலின் உடம்பில் நீண்ட நேரம் தங்காமல் போவதற்கு இது ஒரு காரணம். இரத்தத்தின் அமிலத்தன்மை ஏறாமல் பார்த்துக்கொள்வதும் பெரும்பாலும் இந்த வழியில்தான்.

10. படித்தது நின்றதா என்று பார்க்க

படத்தை மூடிவிட்டு, ஆறு பேரைத் தமனியில் ஏற்றி அனுப்புங்கள்: சிவப்பணு, அல்புமின், குளுக்கோஸ், யூரியா, கிரியேட்டினின், பென்சிலின். ஒவ்வொருவரும் எங்கே இறங்கினார், எங்கே திரும்ப ஏறினார் என்று வாயால் சொல்லுங்கள்.

சிவப்பணுவும் அல்புமினும் இறங்குவதே இல்லை. குளுக்கோஸ் இறங்கி, முதல் நிறுத்தத்திலேயே முழுக்க ஏறிவிடும். பென்சிலின் கொஞ்சம் இறங்கும், மிச்சத்தை வழியில் பிடித்துத் தள்ளிவிடுவார்கள்.

யூரியாவில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். கழிவுதானே, முழுக்கப் போகும் என்பார்கள். இறங்கிய யூரியாவில் கிட்டத்தட்டப் பாதி திரும்ப ஏறிவிடுகிறது. அகணியின் செறிவைத் தக்கவைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. "யூரியாவைச் சிறுநீரகம் தயாரிக்கிறது" என்பது இன்னொரு தப்பு, தயாரிப்பது கல்லீரல்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. இறங்கினால் திரும்ப ஏறாது. இரத்தத்தில் அது கூடியிருந்தால் வடிகட்டி குறைவாக வேலை செய்கிறது என்று ஊகிக்கலாம். ஆஸ்பத்திரியில் "கிரியேட்டின் எவ்வளவு?" என்று விசாரிக்கிறார்களே, அந்த விசாரணையின் அர்த்தம் இதுதான்.

இந்த இடத்தில் ஒருவராவது கேட்பார்: ஒரு சிறுநீரகத்தைத் தானம் கொடுத்தவருக்கு என்ன ஆகும்? வேலூர் சிஎம்சியில் 1971-லிருந்தே சிறுநீரக மாற்று சிகிச்சை நடப்பதால், இங்கே தெருவுக்கு ஒருவராவது கொடுத்தவரையோ வாங்கியவரையோ அறிந்திருப்பார். மிஞ்சிய சிறுநீரகத்தில் புது நெஃப்ரான் முளைக்காது. பிறந்த பிறகு அவை கூடுவதே இல்லை. இருக்கிற நெஃப்ரான்களே பருத்து, ஒவ்வொன்றும் கூடுதலாக வடிகட்டும்.

11. மேசையைச் சுத்தம் செய்வது

அறுத்த குண்டிக்காயைச் சமைக்க எடுத்துக்கொள்ளாதீர்கள். வெகுநேரம் வெளியில் கிடந்தது. தெருநாய்க்கும் போடாதீர்கள். ஆட்டின் பச்சை உள்ளுறுப்புகளில் சில நேரம் நாடாப்புழுவின் நீர்க்கட்டி இருக்கும். நாய் தின்றால் அதன் வயிற்றில் புழுவாகி, அதன் மலத்தில் முட்டை வெளிவந்து, திரும்ப நம்மிடமே வரும். நாலைந்து செய்தித்தாளில் இறுகச் சுற்றிக் குப்பையில் போடுங்கள், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். கத்தியையும் தட்டையும் சோப்பு போட்டு வெந்நீரில் கழுவுங்கள். உப்பு மாங்காயை மட்டும் தின்னலாம், மிளகாய்த்தூள் இருந்தால்.